வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம்: திருகோணமலைச் சிறு நிறுவனங்களுக்கான கேள்வி பதில்

திருகோணமலை நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கடைகள், விருந்தினர் விடுதிகள், தனியார் கிளினிக்குகள், சின்ன அலுவலகங்கள் சிலவற்றின் சம்பளக் கணக்கையும் லீவுப் பதிவையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். முதலாளிமாரும் ஊழியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தையும் நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வேலை–வாழ்க்கைச் சமநிலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

காலையில் வேலைக்கு வரும்போதே, பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்போம் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் முதலில் கேட்பது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியாவில் இருந்து வருகிறவர்கள் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் இக்கரைக்கு வரவேண்டும். அந்த நாளில் நான் வேலை செய்த கடையில் கிண்ணியா ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். பின்னேரம் குறிப்பிட்ட நேரம் வந்ததும் “பாதை போய்விடும்” என்று சொல்லி எழும்புவார்கள். முதலாளி மறுத்து ஒரு சொல் சொல்லமாட்டார். அவர்களுடைய வேலை அந்த நேரத்துக்குள் முடிகிற மாதிரி மத்தியானமே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுவார். லொறி வந்தால் அவர்கள் அடுக்க வேண்டிய சாமான்தான் முதலில் இறங்கும். டவுனில் வீடு உள்ள நாங்கள் எட்டு மணி, எட்டரை மணி என்று நிற்போம்.

பாலம் வந்தது. ஊருக்கே பெரிய ஆறுதல். நோயாளி ஒருவரை நடுச்சாமத்தில் ஆசுபத்திரிக்குக் கொண்டுவர முடிகிறது என்றால் அது சின்ன விசயம் இல்லை. ஆனால் எங்கள் கடையில் வேறொன்றும் நடந்தது. அந்த மூன்று பேரும் எங்களோடு சேர்ந்து எட்டரை வரை நிற்கத் தொடங்கினார்கள். வேலை கூடவில்லை. வியாபாரம் கூடவில்லை. போகும் நேரம் என்று ஒன்று இல்லாமல் போனது, அவ்வளவுதான். பாதை இருந்த காலத்தில் அவர்களுக்காக மத்தியானம் செய்த ஒழுங்கை முதலாளி எல்லோருக்கும் செய்திருக்கலாமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு மற்ற இடங்களின் பதிவுகளைப் பார்க்கப் பார்க்கத்தான் தோன்றியது.

லீவைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா?

போதாது. இரண்டு நாள் லீவு எடுத்தவர் திரும்பி வரும்போது மேசையில் இரண்டு நாள் வேலை அப்படியே கிடந்தால், அவர் அதை இரவில் நின்று முடிக்கிறார். லீவில் இருக்கும்போதே “அந்தச் சாவி எங்கே, இந்த பில் எங்கே” என்று ஐந்து தடவை போன் வந்தால் அதை லீவு என்று சொல்ல முடியாது. வேலை நடக்கும் முறை மாறாமல் லீவை மட்டும் கூட்டினால், ஒரு வருடம் கழித்து எடுக்காத லீவுதான் பதிவில் நிறைய நிற்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கொப்பி வாங்குங்கள். 80 பக்கக் கொப்பி போதும். இரண்டு வாரத்துக்கு, வேலை முடிந்து போகும் ஒவ்வொருவரும் மூன்று விசயம் எழுதட்டும்: பெயர், வெளியேறும் நேரம், நேரத்துக்குப் போக விடாமல் மறித்தது எது. மூன்றாவதுதான் முக்கியம். “வேலை இருந்தது” என்று எழுதக்கூடாது. எந்த வேலை, யாருக்காகக் காத்திருந்தது என்று எழுத வேண்டும்.

தொடங்கும்போதே முதலாளி எல்லோர் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: இந்தக் கொப்பியை வைத்து யாரையும் ஏசமாட்டேன், யாருடைய சம்பளத்திலும் கைவைக்கமாட்டேன். இந்த வாக்கு இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதிவைப்பார்கள். கொப்பியால் பயன் இல்லை.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் இதைச் செய்தோம். இரண்டு வாரம் முடிந்து எடுத்துப் பார்த்தால், பெரும்பாலான நாள்களில், பெரும்பாலானோர் எழுதியிருந்த காரணம் ஒன்றே: “கையெழுத்து”. முதலாளி மூன்று மணிபோல வெளியே போவார், ஆறரைக்குத்தான் திரும்புவார். காசோலை, டெலிவரிச் சீட்டு, மறுநாள் கொழும்பு லொறிக்கான ஓடர் எல்லாம் அவருடைய கையெழுத்துக்காக மேசையில் கிடக்கும். ஆட்கள் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் வந்து இருந்து கையெழுத்து வைத்து முடிக்க ஏழரை ஆகும். அவருக்கு இது தெரியவே தெரியாது. ஆட்கள் சுறுசுறுப்பாக இரவு வரை வேலை செய்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கொப்பியை வாசித்த பிறகு காலை பதினொரு மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்குப் புறப்படும் முன்னும் கையெழுத்து நேரம் என்று வைத்துக்கொண்டார். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ள சீட்டுகளைத் தலைமை எழுதுவினைஞரே முடிக்கலாம் என்றும் விட்டார். ஒரு சதம் செலவில்லை.

எல்லா இடத்திலும் காரணம் இவ்வளவு சுலபமாக அகப்படாது. ஆனால் நான் பார்த்த எந்த இடத்திலும் “வேலை அதிகம்” என்பது மட்டும் காரணமாக இருந்ததில்லை.

கணக்கு முடியாமல் கடையைப் பூட்ட முடியாதே?

கடைக்காரர் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வியும்கூட.

ஒரு பலசரக்குக் கடையில் இரவு எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். அதன் பிறகு காசாளர் தங்கச்சி லாச்சியை இழுத்து மேசையில் கொட்டி எண்ணத் தொடங்குவார். ஐயாயிரம், ஆயிரம், ஐந்நூறு என்று கட்டு, சில்லறைக்கு ஒரு ஐஸ்கிறீம் டப்பா. பில் கட்டு ஒரு பக்கம், கடன் கொப்பி ஒரு பக்கம், கார்ட் மெஷின் துண்டுகள் ஒரு பக்கம். நான் போயிருந்த அன்று 340 ரூபாய் குறைந்தது. ஆறு பேரும் நின்றார்கள். ஒருவர் பில்லை வாசிக்க ஒருவர் கூட்ட, மற்றவர்கள் சும்மா நிற்க, ஒன்பது மணிக்குக் காரணம் தெரிந்தது. காலையில் கடனுக்குக் கொடுத்த மா மூட்டைக்கான பில்லில், முன்பே வாங்கிய பாக்கி 340 ரூபாயைக் காசாக எழுதியிருந்தார்கள். 340 ரூபாய்க்காக ஆறு பேருடைய ஒரு மணித்தியாலம் போனது. அந்தப் பிள்ளை அன்று வீட்டுக்குப் போகும்போது அவருடைய மூன்று வயது மகன் நித்திரையாகியிருப்பான்.

அந்தக் கடையில் மாற்றியது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை எண்ணியதை மூன்று தடவை ஆக்கினார்கள்: காலை பதினொரு மணி, பின்னேரம் நான்கு மணி, கடைசியாகக் கடை பூட்டும்போது. காலையிலும் பின்னேரத்திலும் கடையில் ஆள் குறைவான நேரம் பார்த்துப் பத்து நிமிடம் எண்ணினால் போதும். பிழை இருந்தால் அந்த நான்கு ஐந்து மணித்தியாலத்து பில்லுக்குள்ளேதான் இருக்கும், தேடுவது லேசு. இரண்டாவது, ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்த வித்தியாசம் என்றால் கொப்பியில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்ப்பது. மூன்றாவது, இரவில் எண்ணும்போது காசாளரும் இன்னொருவரும் மட்டும் நிற்பது. அந்த இன்னொருவர் முறைக்கு முறை மாறுவது. இப்போது எட்டு இருபதுக்குப் பூட்டு விழுகிறது.

ஒரு எச்சரிக்கை. குறைந்த காசைச் சம்பளத்தில் வெட்டும் பழக்கம் இருக்கிற இடத்தில் இந்த முறை ஓடாது. பயந்த ஆள் காசு குறைந்ததை மறைப்பார், அல்லது தன் கையில் இருந்து போடுவார். முதலில் அந்த வெட்டை நிறுத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. அதன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது. வாரநாள் ஐந்திலும் எட்டெட்டு, சனிக்கிழமை ஐந்து என்று பிரித்தால் 45 வரும். சனி அரைநாள் என்ற நம் ஊர்ப் பழக்கம் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. அதற்கு மேல் செய்வது ஓ.டி. அதற்குச் சாதாரண மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். ஓ.டி. வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு ஒன்றரை நாள் ஓய்வு. இரண்டாம் வருடத்தில் இருந்து 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம்.

இதைச் சொன்னதும் சில முதலாளிமாரின் முகம் மாறும். நாங்கள் நல்லபடியாகத்தானே நடத்துகிறோம் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான், பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர்கள், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு முற்பணம் கொடுப்பவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். ஆனால் அந்த அன்பு இரவு ஒன்பது மணியை ஆறு மணி ஆக்காது. நேரத்தைப் பதியுங்கள், ஓ.டி.யைக் கணக்கில் எழுதுங்கள். எழுதிக் கொடுக்கத் தொடங்கினாலே எந்த மணித்தியாலம் வீண் என்று முதலாளிக்கே தெரிய ஆரம்பித்துவிடும்.

உங்கள் தொழிலுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதில் சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். ஆலைகள், உணவகங்கள் போன்ற பல தொழில்களுக்குச் சம்பளச் சபை விதிகள் தனியாக இருக்கின்றன.

எங்களிடம் எட்டுப் பேர்தான். ஒருவர் வராவிட்டால் அந்த வேலையே நிற்கிறது. எப்படி?

ஒரு தாளில் உங்கள் இடத்தில் நடக்கும் வேலைகளை எழுதுங்கள். வங்கிக்குப் போவது, சம்பளத்தாள் போடுவது, ஸ்டாக் எடுப்பது, ஜெனரேட்டர் போடுவது, பழைய வாடிக்கையாளரின் கடன் கணக்கு, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் நேரே அது தெரிந்தவர்களின் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் உள்ள வேலைதான் உங்கள் பிரச்சினை.

அந்த ஒற்றைப் பெயர் பெரும்பாலும் நல்ல, பழைய, நம்பிக்கையான ஆளாக இருக்கும். பன்னிரண்டு வருடம் ஒரே இடத்தில் இருந்து ஒரு நாள்கூட முழு லீவு எடுக்காத அக்கா ஒருவர் எனக்குத் தெரிந்த அலுவலகத்தில் இருந்தார். அவரைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். அவருடைய தாய் கடைசியாகப் படுக்கையில் கிடந்த வாரம், வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபடி போனில் சம்பளத்தாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் மறுமுனையில் இருந்தேன். அந்தப் போனை நான் எடுத்திருக்கக்கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

மாதம் ஒரு வேலையை இரண்டாவது ஆளுக்குப் பழக்குங்கள். பழக்குவது என்றால் பக்கத்தில் நின்று பார்ப்பது இல்லை. அந்த ஆள் தன் கையால் செய்ய, தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது. பிறகு தெரிந்தவரை மூன்று நாள் கட்டாய லீவில் அனுப்புங்கள், போன் எடுக்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. எது தெரியவில்லை என்று அந்த மூன்று நாளில் வெளிவரும்.

உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். சீசனில் நேரம் பார்க்க முடியுமா?

சீசனில் வேலை கூடத்தான் செய்யும். நம் கரையில் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதி. நிலாவெளி, உப்புவெளி நிரம்பி வழியும். ஐப்பசியில் மழை தொடங்கி வாடைக்காற்று அடித்தால் அறைகள் காலி. வருடம் முழுவதும் ஒரே நேர அட்டவணை என்று பிடிவாதம் பிடித்தால் இந்தத் தொழில் நடக்காது. அதை ஒப்புக்கொண்டு, சீசனுக்கு ஒன்று, மாரிக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணையைப் பங்குனியிலேயே ஆட்களோடு இருந்து பேசி முடிப்பது நல்லது. வருடாந்த லீவின் பெரும்பகுதியை மாரியில் எடுக்க ஆட்கள் சம்மதிப்பார்கள், ஆனால் சீசனிலும் இரண்டு மூன்று நாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கலியாணமும் சாவீடும் சீசன் பார்த்து வருவதில்லை.

விடுதிகளில் உண்மையில் உடம்பை உடைப்பது நீண்ட நாள்கூட இல்லை, வெட்டுப்பட்ட நாள். காலை ஆறு மணிக்குச் சாப்பாடு போட வரவேண்டும், பத்தரைக்கு முடிகிறது. பிறகு பின்னேரம் ஐந்துக்குத் திரும்ப வந்து இரவு பத்து வரை. இடையில் ஆறரை மணித்தியாலம். உப்புவெளியிலேயே வீடு உள்ளவர் போய்ப் படுத்துவிட்டு வருவார். தம்பலகாமத்தில் இருந்தோ மூதூரில் இருந்தோ வருகிறவர் எங்கே போவார்? சமையலறைக்குப் பின்னால் பாயை விரித்துக் கச்சான் காற்றில் புழுங்கிக் கிடப்பார். அந்த நேரம் சம்பளத்திலும் சேராது, வீட்டுக்கும் உதவாது. ஒன்பதரை மணித்தியாலம் வேலை செய்தவர் பதினாறு மணித்தியாலம் வீட்டைவிட்டு வெளியே.

இதற்கு ஒரு விடுதியில் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது. காலை ஆட்கள், மாலை ஆட்கள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். காலை ஆட்கள் ஆறு முதல் இரண்டரை வரை: சாப்பாடு, அறை சுத்தம், சலவை, மத்தியானச் சமையலின் வெட்டு வேலை. மாலை ஆட்கள் இரண்டு முதல் பத்தரை வரை. சமையல்காரர் ஒருவர்தான் இருந்தார். இரவுக் கறிகளுக்கான அரைப்பு, மீன் துப்புரவு எல்லாம் மத்தியானமே முடிந்துவிட, உதவியாளர் தம்பி மாலைக்குப் பொறுப்பெடுத்தார். ஒரு மாதம் சாப்பாட்டில் குறை வந்தது, விருந்தினர் சொன்னார்கள். பிறகு தம்பியின் கை சரியாகிவிட்டது. மாலைக் குழுவுக்கு ஆள் போடும்போது முதல் கேள்வி, இரவில் வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்பதாக இருக்க வேண்டும். கடைசி பஸ் போன பிறகு முடியும் ஷிப்ட்டுக்கு ஓட்டோக் காசு விடுதியின் செலவு. பெண்கள் என்றால் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை மாத ஒப்பந்தத்தில் பிடித்துவிடுங்கள்.

அட்டவணையை இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். “நாளைக்குக் காலையா மாலையா என்று இரவு பத்து மணிக்குச் சொல்வார்கள்” என்று ஒரு ஊழியர் சொன்னார். அவருடைய மனைவியும் வேலைக்குப் போகிறவர். பிள்ளையை யார் பார்ப்பது என்று அந்த வீட்டில் தினமும் இரவு பத்து மணிக்குத்தான் தீர்மானிப்பார்கள்.

இரவில் வட்ஸ்அப்பில் வேலை விசயம் அனுப்பலாமா?

அனுப்புகிறவர் மறந்துவிடக்கூடாது என்றுதான் அனுப்புகிறார். பார்க்கிறவருக்கு அது கட்டளை. முதலாளி இரவு பத்தே முக்காலுக்கு “நாளை அந்த பைலை எடு” என்று போட்டால், அந்த ஊழியர் நித்திரைக்குப் போகும்வரை பைல்தான். பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை 2017இல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள், காலை எட்டுக்கு அனுப்புங்கள். உண்மையான அவசரம் என்றால், தண்ணீர் மோட்டார் வெடித்துவிட்டது, கடைக்குள் வெள்ளம் என்றால், போன் எடுத்துக் கதையுங்கள். அவசரத்துக்குப் போன், மற்றதெல்லாம் காலையில். இந்த ஒரு விதி போதும்.

வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாமா?

கணக்கு, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்ற வேலைக்கு வாரம் ஒன்றிரண்டு நாள் விடலாம். கடைக்கும் விடுதிக்கும் பொருந்தாது. 2022இல் மின்வெட்டும் எண்ணெய் வரிசையும் இருந்த மாதங்களில் பலர் கட்டாயத்தில் வீட்டிலிருந்து செய்தார்கள். மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது வேலை என்று நடுச்சாமம் வரை போனது. வீட்டில் வேலை என்றாலும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் பேசி வையுங்கள்.

இது பெண் ஊழியர்களுக்கான விசயம்தானே?

தாய்மாருக்குச் சட்டத்தில் சில உரிமை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரசவ லீவு 84 வேலை நாள். மூன்றாவது பிள்ளையில் இருந்து அரைவாசிதான் என்று இருந்ததை 2018இல் திருத்தி, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு ஆக்கினார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளையை வைத்திருக்க வேலைத்தலத்தில் வசதி இல்லை என்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இரண்டையும் சேர்த்து, இரண்டு மணித்தியாலம் முந்தி வீட்டுக்குப் போக விரும்பும் தாய்மார் நம் ஊரில் அதிகம். பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தகப்பன்மாரை விட்டுவிட்டால் எதுவும் மாறாது. அரச ஊழியருக்குத் தகப்பன் லீவு மூன்று நாள். தனியார் துறைக்குச் சட்டத்தில் அதுவும் இல்லை. மனைவிக்குப் பிரசவம் முடிந்த மறுநாள் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டு நின்ற இளைஞனைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், “லீவு கேட்க வெட்கமாக இருந்தது அண்ணன்” என்றான். அவன் வெட்கப்படாமல் இருக்க வேண்டும் என்றால், ஒரு முதலாளி முன்கூட்டியே ஐந்து நாள் என்று அறிவித்து, முதல் ஆளைத் தானே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

பெண்ணை மட்டும் வெள்ளென அனுப்பினால் அதில் ஒரு தீமையும் உண்டு. “அவரை எடுத்தால் ஐந்து மணிக்குப் போய்விடுவார்” என்று அடுத்த முறை பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள். எல்லோரும் ஐந்தரைக்குப் போகிற இடத்தில் அந்தப் பேச்சே எழாது.

பெருநாள், கோயில் திருவிழா, ஜும்ஆ என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள். சமாளிக்க முடியவில்லையே?

இது நம் மாவட்டத்துக்குப் பெரிய வசதி. பலர் சுமை என்று நினைக்கிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு தேவைப்படுவதில்லை.

தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, வெசாக் மறுநாள், மீலாதுன் நபி, நத்தார் எல்லாம் தனியார் துறைக்கும் கட்டாய விடுமுறை. ஆனால் தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், சிவராத்திரி ஆகியவை அரச, வங்கி விடுமுறையாக இருந்தாலும் தனியார் கடைக்குக் கட்டாயம் இல்லை. இந்த நான்கில்தான் மனக்கசப்பு வரும். தை மாதமே ஒரு வருட நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, யாருக்கு எந்த நாள் வேண்டும், யார் மாறி நிற்பார் என்று பேனையால் குறித்துவிடுங்கள். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் கண்விழித்தவர் மறுநாள் காலை எட்டுக்குக் காசு எண்ண வரக்கூடாது. அன்று காலையை முஸ்லிம் நானா ஒருவர் எடுத்துக்கொள்வார். நோன்பு மாதத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் நோன்பு திறக்க வீட்டுக்குப் போகும்போது மற்றவர் பூட்டும்வரை நிற்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் போகிறவர் சாப்பாட்டு இடைவேளையை அதோடு சேர்த்து எடுக்கட்டும், மற்றவர்கள் பன்னிரண்டுக்கு முன்பே சாப்பிட்டுவிடட்டும். கடை திறந்தே இருக்கும். போயாவும் அப்படித்தான், ஆனால் அன்று வேலை செய்தவரின் ஒன்றரை மடங்கை மறக்க வேண்டாம்.

வாரம் நான்கு நாள் வேலை என்று வெளிநாட்டில் செய்கிறார்களாமே?

செய்கிறார்கள். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை ஏறத்தாழ 2500 பேரின் வாரத்தைச் சம்பளம் குறைக்காமல் 35, 36 மணித்தியாலத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் வேலை குறையவில்லை. ஆனால் அவர்கள் நேரத்தை மட்டும் வெட்டவில்லை. கூட்டங்களைக் குறைத்தார்கள், தேவையில்லாத வேலையை நிறுத்தினார்கள், ஷிப்ட்டை மாற்றினார்கள். நம் நாட்டில் 2022 யூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டது எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்காக. வேலை முறை எதுவும் மாறவில்லை, அதனால் அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

நான்கு நாளில் பத்துப் பத்து மணித்தியாலம் என்று யோசிப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: நாளுக்கு எட்டுக்கு மேல் போகும் நேரம் கடை, அலுவலகச் சட்டத்தில் ஓ.டி. நம் ஊர்ச் சின்னக் கடைக்கு ஐந்தரை நாளை உண்மையாகவே ஐந்தரை நாளாக வைப்பதே இப்போதைக்குப் பெரிய முன்னேற்றம்.

ஓ.டி. குறைந்தால் சம்பளம் குறையும். ஊழியர்களே விரும்பமாட்டார்களே?

இருக்கிற கேள்விகளில் கடினமானது இதுதான். அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாதவருக்கு ஓ.டி. என்பது பால்மா, டியூஷன் காசு, சீட்டுக் காசு. அவரிடம் போய் “வெள்ளென வீட்டுக்குப் போங்கள், நன்மை” என்று சொன்னால் கோபம்தான் வரும், வரவேண்டியதுதான்.

அதனால் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு ஓ.டி. எடுத்தார் என்று பாருங்கள். வேலை முறையை மாற்றி அந்த நேரம் மிச்சப்பட்டால், மிச்சப்பட்ட காசை முழுவதும் நிறுவனமே வைத்துக்கொள்ளக்கூடாது. ஒரு பகுதியை அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள். அப்படிச் சேர்த்தால் ஊழியரின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கூடும்: அவர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் என்று மாதாமாதம் அவர் பெயரில் சேருகிறது. ஓ.டி. காசுக்கு ஈ.பி.எப். இல்லை என்பதைப் பல ஊழியர்கள் அறியமாட்டார்கள். முதலாளிக்கும் மின்சாரம், தேநீர், இரவுச் சாப்பாட்டுப் பார்சல் என்று மிச்சம் இருக்கிறது. ஒரு கடையில் இப்படிப் பேசியபோது, முதல் மாதம் இரண்டு பேருக்குக் கையில் வந்த காசு கொஞ்சம் குறைந்தது. மறைக்காமல் முன்பே சொல்லியிருந்தபடியால் பொறுத்தார்கள். ஒருவர் அந்த நேரத்தில் வீட்டில் ஸ்கூட்டி திருத்தத் தொடங்கிவிட்டார்.

காசை விட்டுக்கொடுக்க முடியாதவரை வற்புறுத்த வேண்டாம். ஆனால் உடம்பையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவருக்கு, 35–40 மணித்தியாலம் செய்கிறவரைவிடப் பாரிசவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகம். காலை எட்டு முதல் இரவு எட்டரை வரை ஆறு நாள் நிற்கிற ஒருவர், சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும், அந்த 55ஐத் தாண்டிவிடுகிறார்.

நான் சாதாரண ஊழியர். முதலாளியிடம் எப்படிக் கேட்பது?

பொதுவாகக் கேட்க வேண்டாம். “எனக்குக் குடும்பம் இருக்கிறது, நேரம் காணாது” என்றால் அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நாளும் நேரமும் சொல்லி, உங்கள் வேலை எப்படி முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு எழுதுவினைஞர் தன் முதலாளியிடம் பேசியதை எனக்குச் சொன்னார்:

“ஐயா, செவ்வாயும் வியாழனும் நான் ஐந்தரைக்குப் போகவேண்டும். மகளை டியூஷனில் இருந்து ஏற்ற வேறு ஆள் இல்லை. வங்கி வைப்புச் சீட்டை மூன்று மணிக்கே எழுதி வைத்துவிடுகிறேன். மிச்சத்தைத் தம்பி பார்ப்பார், அவரோடு கதைத்துவிட்டேன். திங்கள், புதனில் அவர் வெள்ளெனப் போவார், நான் நிற்பேன்.”

“மாத முடிவில்?”

“மாத முடிவு மூன்று நாளும் நான் நிற்கிறேன் ஐயா.”

“சரி, ஒரு மாதம் பார்ப்போம்.”

அந்த ஒரு மாதம் நான்கு வருடமாக ஓடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து கேட்டது உதவியது என்று நினைக்கிறேன். தனியாகக் கேட்டால் சலுகை மாதிரித் தெரியும்.

சட்டப்படி தரவேண்டியதையே தரமறுக்கிறார்கள், ஓ.டி. காசு தருவதில்லை என்றால் அது வேறு விசயம். வந்த நேரம், போன நேரத்தை உங்கள் சொந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள், சம்பளத்தாளைப் பத்திரப்படுத்துங்கள், தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூன்று மாதம் கழித்து அதே கொப்பியை இன்னும் இரண்டு வாரத்துக்கு வையுங்கள். வெளியேறிய நேரத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பிழை பில் எத்தனை, வாடிக்கையாளர் முறைப்பாடு எத்தனை, வேலையை விட்டுப் போனவர் எத்தனை என்றும் பாருங்கள். வியாபாரம் பாதிக்கப்பட்டதா இல்லையா என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அதோடு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த வாரம் எத்தனை நாள் வீட்டாரோடு இருந்து இராச்சாப்பாடு சாப்பிட்டீர்கள்? பலசரக்குக் கடைக் காசாளரிடம் இதைக் கேட்டபோது விரல் விட்டு எண்ணினார். நான்கு என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லை, ஐந்து. சனிக்கிழமை மகன் முந்திச் சாப்பிட்டுவிட்டான், ஆனால் பக்கத்தில் வந்து இருந்தான்” என்றார். நான் ஐந்து என்று எழுதிக்கொண்டேன்.